மண்ணுக்கும் வில்லங்கச் சான்று வேண்டும்

நிலம் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது வில்லங்கச் சான்று. முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். தாய்ப் பத்திரம், பட்டா, சிட்டா, புல வரைபடம் என ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறோம். அடமானம் உண்டா, பங்காளித் தகராறு உண்டா, நீதிமன்றத் தடை உண்டா என்று வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிகிறோம். ஆனால், அந்த மண்ணில் குரோமியம் படிந்திருக்கிறதா, கிணற்றுத் தண்ணீர் உப்பேறிப் போயிருக்கிறதா, முன்பு அங்கே என்ன கழிவு கொட்டினார்கள் என்பதை எந்தப் பத்திரமும் சொல்வதில்லை. வங்கிக்கு வைத்த பாக்கி நிலத்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. மண்ணுக்கு வைத்த பாக்கி மட்டும் விற்றவரைத் தொடர்வதில்லை; வாங்கியவர் கணக்கிலும் ஏறுவதில்லை. அது பக்கத்து வயல்காரரின் கிணற்றில் போய் இறங்குகிறது. வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரையிலான தோல் தொழில் வட்டாரத்தின் அரை நூற்றாண்டுத் துயரத்தை ஒரே வரியில் சொல்வதென்றால், அது இந்தப் பதியப்படாத பாக்கியின் கதை.

சோளிங்கர் இதைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் இது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என நீளும் தோல் தொழில் வரிசைக்குச் சற்று விலகி, ஏரிப் பாசனத்தையும் நரசிம்மர் மலைக்கு வரும் பக்தர்களையும் நம்பி வாழ்ந்த ஊர் இது. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ராணிப்பேட்டை மாவட்டத்துக்குள் வந்தது. அதே மாவட்டத்தின் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் ரூ.9,000 கோடி முதலீட்டில் டாடா மோட்டார்ஸ் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. டிசம்பரில், ரூ.1,500 கோடியில் தோல் சாராத காலணி ஆலைக்கும் அடிக்கல் விழுந்தது. பெரிய ஆலைகள் வந்தால், அவற்றைச் சுற்றிச் சிறு பட்டறைகளும் கிடங்குகளும் மனைப் பிரிவுகளும் வரும். நிலம் வேகமாகக் கை மாறும். பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை கிடைக்கும் இந்த வளர்ச்சியை வரவேற்கத்தான் வேண்டும். அதே நேரத்தில், நிலத்துக்கு உரிமையாளர் என்பவர் அதன் காவலரும்தான் என்பதை இந்த முறையாவது பத்திரத்திலும் கணக்குப் புத்தகத்திலும் எழுதிவைத்தாக வேண்டும். மனசாட்சிக்கு மட்டும் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தோல் தொழில் வட்டாரத்தின் ஆறான பாலாறு சாட்சி.

தோல் பதனிடுதல் இந்த மண்ணுக்குப் புதிய தொழில் கிடையாது. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு பதனிட்ட தோல் இங்கிருந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கப்பலேறியது. 1970-களில், பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அப்படியே ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியது. முழுதாக முடித்த தோலையும் செருப்பையும் ஷூவையும் விற்றால் அந்நியச் செலாவணி கூடும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பொய்க்கவில்லை. ஆனால், பட்டைப் பதனீட்டில் வாரக்கணக்கில் நடந்த வேலையைக் குரோம் பதனீடு ஓரிரு நாளில் முடித்தது. டிரம்கள் பெருகின, தண்ணீர்ச் செலவும் ரசாயனமும் பெருகின. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் மீது எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் உப்பைத் தடவி அனுப்புவார்கள். பதனிடும் முன் அந்த உப்பை ஊறவைத்துக் கழுவியாக வேண்டும். குரோமியத்தை மீட்டெடுக்கலாம், கழிவிலுள்ள அழுகும் பொருளை நுண்ணுயிரிகளிடம் விட்டுச் செரிக்க வைக்கலாம். தண்ணீரில் கரைந்த உப்பு அப்படிப் போவதில்லை. பல ஆண்டுகள் அது வாய்க்கால் வழியே ஆற்றுக்கும், ஆற்று மணல் வழியே ஊற்றுக்கும், ஊற்று வழியே வயலுக்கும் போனது.

இதன் விலை என்ன என்பது நீதிமன்ற ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியளவிலோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்று வேலூரிலுள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் கண்டதை, வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தருகிறது என்பதற்காகச் சூழலை அழிக்கும் உரிமை எந்தத் தொழிலுக்கும் வந்துவிடாது என்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் அங்கம் என்று உறுதிப்பட்டது இந்த வழக்கில்தான். ஆனால் கிடைத்தது என்ன? அந்தத் தீர்ப்பின்படி அமைந்த சூழலிழப்பு ஆணையம் 2001-இல் அடையாளம் கண்ட பாதிக்கப்பட்டோர் 29,193 பேர்; நிர்ணயித்த இழப்பீடு ரூ.26.82 கோடி. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக ரூ.9,200 கூட வரவில்லை. கெட்டுப்போன ஒரு கிணற்றுக்கு மாற்றாக இன்னொரு கிணறு வெட்டவும் அது போதாது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் இதே பாலாற்றுக்காகத் தீர்ப்பெழுத நேர்ந்தது. ஏற்பட்ட கேடு சரியாகும்வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தீராது. ஒரு முறை பணம் கட்டிவிட்டுக் கைகழுவ முடியாது என்பது அதன் சாரம். மண்ணுக்கு வைத்த பாக்கி வட்டியோடு ஓடிக்கொண்டிருக்கும் கடன் என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்ட இடம் அது.

கடனைக் கட்ட வேண்டியவர் காணாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் இதே மாவட்டம் பார்த்திருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம் தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்து வந்தது. 1970-களில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்டது. ஆலை நின்றது; கழிவு நின்ற இடத்திலேயே நின்றது. சுமார் இரண்டு ஹெக்டேர் திறந்தவெளியில் மூன்று முதல் ஐந்து மீட்டர் உயரத்துக்குக் கழிவு குவிந்திருந்ததை ஆய்வறிக்கைகள் பதிவு செய்தன. பதனீட்டில் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். இந்தக் குவியலில் இருந்ததோ புற்றுநோய் உண்டாக்கும் ஆறிணைதிறக் குரோமியம். மழை பெய்தால் அது மஞ்சள் தண்ணீராகக் கசிந்தது. 2006-இல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில், சூழல் மாசை ஆராயும் பிளாக்ஸ்மித் நிறுவனம் ராணிப்பேட்டையைச் சேர்த்தது. ஆலை ஓடிய காலம் இருபது ஆண்டு. அது விட்டுப்போன கழிவு அதைவிட நீண்ட காலமாக அங்கே கிடந்திருக்கிறது. கழிவைக் காக்காததன் விலை உயிராகவும் இருந்தது. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட பத்துப் பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர். கழிவைச் சேர்த்துவைப்பதும் அதைக் காப்பதும் ஒன்றாகாது என்பதை அந்தப் பத்து உயிர்கள் சொல்லிப் போயின.

இதையெல்லாம் சொல்வதால் இந்த வட்டாரத்துத் தொழிலதிபர்களை ஈரமற்றவர்கள் என்று சொல்வதாகாது. உண்மை நேர் எதிரானது. தமிழ்நாட்டில் கொடைக்குப் பேர்போன வணிகர்களைப் பட்டியலிட்டால் தோல் வணிகர்களுக்கு அதில் தனியிடம் உண்டு. மேல்விஷாரத்தில் பிறந்த சி.அப்துல் ஹக்கீம் தோல் வணிகத்தில் ஈட்டியதைக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் அள்ளிக் கொடுத்தார். அவர் பெயரால் 1965-இல் அங்கே கல்லூரி எழுந்தது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919 முதல் இயங்குகிறது. பல தலைமுறைகள் படித்து மேலேற இந்தக் கொடைகளே படிக்கட்டாயின. ஆனால், கொடை லாபத்திலிருந்து கொடுப்பது. மண்ணைக் காப்பதோ லாபம் கணக்கிடும் முன்பே கழிக்க வேண்டிய செலவு. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டதுதான் இங்கே நேர்ந்த பிழை. இதைத் திருத்த வெளியிலிருந்து தத்துவம் கொண்டுவர வேண்டியதில்லை. வக்ஃபு சொத்தை நிர்வகிக்கும் முத்தவல்லி அதன் வருமானத்தை அறப்பணிக்குச் செலவிடலாம். சொத்தின் முதலில் கைவைக்கக் கூடாது. சோளிங்கர் மலைக்கோயிலானாலும் வேறெந்தக் கோயிலானாலும் அறங்காவலருக்கும் அதே விதிதான்: விளைச்சலைக் கோயிலுக்குச் செலவிடலாம், நிலத்தை அழிக்கலாகாது. இறைவன் பெயரிலுள்ள நிலத்துக்கு இத்தனை கட்டுப்பாடு வைத்த சமூகம், தன் பெயரிலுள்ள நிலத்துக்கும் அதில் பாதியையாவது வைத்திருக்கலாம்.

வைத்திருந்த காலமும் உண்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ்பெற்றது. அதில் நாம் அதிகம் கவனிக்காதது, யார் வாரியத்தில் இருக்கத் தகுதியுடையவர் என்ற விதி. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மீண்டும் வரக் கூடாது. அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். நிலம் வைத்திருப்பவன் ஏரியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன், கணக்கும் காட்ட வேண்டியவன் என்பதே அந்த விதியின் உட்பொருள். அதே பராந்தகன் காலத்துச் சோளிங்கர்ப் பாறைக் கல்வெட்டில் சோழவாரிதி என்ற ஏரியின் பெயர் இருக்கிறது. சோழனின் கடல் என்று ஓர் ஏரிக்குப் பெயரிட்டு அதைக் கல்லில் பதித்த மண் இது. அந்தக் காலத்துச் சபை எல்லோருக்கும் இடம் தரவில்லை. நிலமற்றவருக்கும் பெண்களுக்கும் அதில் குரல் இல்லை. அதைப் பொற்காலம் என்று கொண்டாட வேண்டியதில்லை. உடைமைக்குள்ளேயே கடமையும் உண்டு என்ற ஒரு கருத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கால்வாயும் மதகும் பழுதானால் ஊரே இறங்கிச் சரிசெய்த குடிமராமத்தும் இந்தக் கருத்தின் பிள்ளைதான்.

தொழிலையும் சூழல் காவலையும் ஒரே வாழ்வில் நடத்திக் காட்டியவர்கள் நம் காலத்திலும் இருக்கிறார்கள். கோவையில் 2003-இல் வறட்சியின் நடுவே தொழில் நிறுவனங்களும் குடிமக்களும் சேர்ந்து சிறுதுளி அமைப்பைத் தொடங்கினார்கள். வாகன உதிரிபாகம் தயாரிக்கும் பிரிக்கால் நிறுவனத்தின் தலைவரான வனிதா மோகன்தான் அதன் நிர்வாக அறங்காவலர். கிருஷ்ணாம்பதி உள்ளிட்ட குளங்களைத் தூர்வாருவதிலும் நொய்யலை மீட்பதிலும் இருபது ஆண்டுக்கும் மேலாக உழைத்து வருகிறார். வால்பாறையில் தேயிலை, காப்பி நிறுவனங்கள் தங்கள் எஸ்டேட்டுகளுக்குள் சிக்கிக் கிடக்கும் மழைக்காட்டுத் துண்டுகளை மீட்க, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையோடு 2000-களின் தொடக்கம் முதல் கைகோத்திருக்கின்றன. குடகில் அனில் மல்ஹோத்ராவும் அவர் மனைவி பமீலாவும் 1991-இல் 55 ஏக்கர் வாங்கினார்கள். பயிருக்கு உதவாது என்று விவசாயிகள் கைவிட்ட நிலங்களையும் வாங்கிச் சேர்த்து, சுமார் 300 ஏக்கரைக் காடாக வளரவிட்டார்கள். மல்ஹோத்ராக்களின் வழி எல்லோருக்கும் ஒத்துவராது. நிலத்தை நம்பிப் பிழைப்பவர் அதைக் காடாக விட முடியாது. ஆனால் வால்பாறை நமக்கு நெருக்கமான பாடம். அங்கே தொழில் நிற்கவில்லை, லாபம் நிற்கவில்லை. தன் எல்லைக்குள் இருக்கும் ஓடையும் காடும் தன் பொறுப்பு என்று உரிமையாளர் ஏற்றுக்கொண்டார், அவ்வளவே.

உரிமையாளரே காவலர் என்ற இந்தக் கருத்துக்கு மறுப்புகளும் உண்டு. முதல் மறுப்பு செலவைப் பற்றியது. உப்பைப் பிரிக்கச் சவ்வூடு எந்திரமும் ஆவியாக்கும் கொப்பரையும் வேண்டும். மின்சாரமும் விறகும் தின்னும் வேலை. நூறு தோல் பதனிடும் சிறு டேனரிக்காரர் எங்கே போவார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்ததே இதற்கு விடை தேடித்தான். தனியாளுக்குத் தாங்காத செலவு கூட்டாகச் செய்தால் தாங்குகிறது. திருப்பூரைப் பார்க்கலாம். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, பின்னலாடைத் தொழிலே அழிந்துவிடும் என்றார்கள். மாநில அரசு ரூ.200 கோடி வட்டியில்லாக் கடன் தந்தது. பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு மாறின. ஏற்றுமதி பின்னர் வளரவே செய்தது. தோலை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் பலவும் இன்று டேனரியின் சூழல் தணிக்கையைக் கேட்டுத்தான் ஆர்டர் தருகின்றன. ஊறவைக்கும் முன் தோலை உதறி உப்பைத் தட்டி எடுப்பதற்கு எந்திரம்கூடத் தேவையில்லை. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தண்ணீரைப் பெருமளவு மிச்சப்படுத்தும் குரோம் பதனீட்டு முறையையும் உருவாக்கித் தந்திருக்கிறது. வழி இருக்கிறது. அதற்கான விலையை டேனரிக்காரர் தலையில் மட்டும் கட்டாமல், ஷூவை வாங்கும் பெரிய நிறுவனமும் ஏற்க வேண்டும் என்று கேட்பதில் இந்தத் தொழிலோடு சேர்ந்து நாமும் குரல் கொடுக்கலாம்.

இரண்டாவது மறுப்பு, பாலாறு செத்ததற்கு டேனரிகள் மட்டுமா காரணம் என்பது. மட்டும் இல்லைதான். 348 கிலோமீட்டர் நீளும் ஆற்றில் 222 கிலோமீட்டர்தான் தமிழ்நாட்டில் ஓடுகிறது. மேலே கர்நாடகமும் ஆந்திரமும் தண்ணீரைத் தேக்குகின்றன. நம் பக்கத்தில் மணலை அள்ளினோம். ஒவ்வொரு நகரமும் சாக்கடையை ஆற்றில் விட்டது, குப்பையைக் கரையில் கொட்டியது. ஆனால் இந்த வாதம் பொறுப்பைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது. வெள்ளம் புரளும் ஆறு அழுக்கைக் கொஞ்சமாவது கரைத்துக் கொண்டுபோகும். வறண்ட ஆற்றில் விட்ட ஒவ்வொரு குடம் கழிவும் அதே மணலில் தங்கி நேரே ஊற்றுக்குள் இறங்கும். தண்ணீர் குறைந்த ஆற்றின் கரையில் தொழில் செய்பவருக்குக் கவனம் அதிகம் வேண்டும். இன்னொரு கேள்வியும் எழுகிறது. அரசு செய்ய வேண்டியதை உரிமையாளர் ஏன் செய்ய வேண்டும்? அரசு கண்காணிக்கலாம், வழக்குத் தொடரலாம், கடன் தரலாம். நள்ளிரவில் எந்த வால்வைத் திறந்தார்கள் என்பது வேலிக்கு உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். 1996-க்கும் 2025-க்கும் இடைப்பட்ட ஏறக்குறைய முப்பது ஆண்டு, நீதிமன்றமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மட்டுமே ஓர் ஆற்றைக் காக்க முடியாது என்பதற்குப் போதுமான சான்று.

மூன்றாவது மறுப்பு சொத்துரிமையைப் பற்றியது, இதுதான் கனமானது. மண்ணின் நிலையைப் பத்திரத்தில் எழுதினால் நிலத்தின் மதிப்பு சரிந்துவிடும், தவறு செய்யாதவரும் தண்டிக்கப்படுவார் என்பது அச்சம். மதிப்பு சரிவது உண்மையே. ஆனால் எழுதுவதால் அது சரிவதில்லை, கெட்டபோதே சரிந்துவிட்டது. எழுதாமல் மறைத்தால், அந்த நட்டம் விவரம் தெரியாமல் இரண்டு சென்ட் மனை வாங்கும் கூலிக் குடும்பத்தின் தலையில் விழுகிறது. அமெரிக்காவில் நயாகரா ஃபால்ஸ் நகரத்தின் லவ் கெனால் பகுதியில் ரசாயனக் கழிவு புதைத்த நிலத்தை 1953-இல் ஒரு நிறுவனம் ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்திடம் விற்றது. பத்திரத்தில் எச்சரிக்கை எழுதித்தான் கொடுத்தார்கள். இருந்தும் அங்கே பள்ளியும் வீடுகளும் எழுந்தன, கால் நூற்றாண்டு கழித்து ஊரையே காலி செய்ய நேர்ந்தது. எழுதிவைத்தால் மட்டும் போதாது, பொறுப்பும் நிலத்தோடு சேர்ந்து வர வேண்டும் என்ற பாடம் 1980-இல் அங்கே சட்டமானது. அதன் பிறகு அங்கே தொழில் நிலம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதன் மாசு வரலாற்றை ஆராயாமல் வாங்குவதில்லை. மாசடைந்த இடங்களைக் கையாள நம் நாட்டிலும் 2025 ஜூலையில் மத்திய அரசு விதிகளை அறிவித்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும், சோதித்து உறுதியானால் மாசுபடுத்தியவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்கின்றன அவை. இந்தப் பட்டியல் கோப்பில் தூங்காமல் பதிவுத் துறையின் கணினிக்குப் போய், அந்தந்தச் சர்வே எண்ணுக்கு நேரே வில்லங்கச் சான்றில் வர வேண்டும். சுத்தம் செய்த பின் பதிவை நீக்கும் வழியும் வேண்டும்; அடமானம் தீர்ந்தால் ரசீது பதிகிறோமே, அதைப் போல. மாசுபடுத்தியவரே பொறுப்பாளி, அறியாமல் வாங்கியவர் அல்ல என்பதையும் தெளிவாக எழுதிவிட்டால் நேர்மையான உரிமையாளர் அஞ்ச எதுவும் இல்லை.

சோளிங்கர் வட்டாரத்துக்கு ஒரு நல்ல வாய்ப்பு இன்னும் கையில் இருக்கிறது. பழுதான பின் அளப்பதைவிடப் பழுதாகும் முன் அளப்பது எளிது, மலிவு. விவசாய நிலம் தொழிலுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் அதன் மண்ணையும் அண்டையிலுள்ள இரண்டு மூன்று கிணறுகளின் தண்ணீரையும் சோதித்து, அந்த அறிக்கையைக் கிரயப் பத்திரத்தோடு இணைத்துப் பதியலாம். தொழில் தொடங்குகிறவர் நிலத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும் செலவுக்கு ஒரு வைப்புத்தொகை கட்டலாம். ஆலை மூடும் நாளில் சோதனை சரியாக இருந்தால் வட்டியோடு திரும்பப் பெறலாம். சூழல் அக்கறை என்றாலே சுற்றுச்சூழல் நாளில் மரக்கன்று நட்டுப் படம் எடுப்பது என்றாகிவிட்டது என்ற கசப்பு பலருக்கு உண்டு. அந்தக் கசப்புக்கு இதுவே மருந்து. நட்ட கன்றுகளை எண்ண வேண்டாம். பக்கத்து வயல்காரரின் கிணறு, ஆலை வந்த நாளில் இருந்த அதே சுவையோடு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஓர் உரிமையாளரின் தொழில் வாழ்க்கை வெற்றியா என்று அளக்க ஆண்டு லாபக் கணக்கோடு அந்த ஒரு குவளைத் தண்ணீரையும் சேர்த்து வைக்க வேண்டும். நம் பாட்டன்கள் நிலத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிவைத்தபோது, அதில் வில்லங்கம் ஏதும் இல்லை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டார்கள். இன்றும் ஒவ்வொரு பத்திரத்திலும் அந்த வாசகம் இருக்கிறது. மண்ணையும் நீரையும் சேர்த்தே அதை எழுதும் நேர்மை நமக்கு வேண்டும்.